கொயின் கைமாறும் இடங்கள்: திருகோணமலையிலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள்

திருகோணமலையில் பிட்கொயின் வாங்கக் கடை கிடையாது. கொழும்பிலும் அனுமதி பெற்ற கடை கிடையாது. 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட பொது அறிவித்தல்களில், மெய்நிகர் நாணயப் பரிமாற்றம் நடத்த எவருக்கும் தான் உரிமம் வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரையின்படி டெபிட், கிரெடிட் அட்டைகளால் இதற்குக் காசு கட்டவும் அனுமதியில்லை. ஆகவே உவர்மலையிலோ கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ ஒருவரிடம் கொயின் இருக்கிறதென்றால், அது அநேகமாக இன்னொரு மனிதரின் கையிலிருந்து வந்திருக்கும். ஒருவர் வங்கிக் கணக்குக்கு ரூபாய் போட, மற்றவர் கொயினை விட்டிருப்பார். அல்லது வெளிநாட்டுக்காரருக்கு ஒன்லைனில் டிசைன், கோடிங் செய்து கொடுத்ததற்குக் கூலியாக டெதர் (டொலர் மதிப்போடு ஒட்டிய கொயின்) வந்திருக்கும்.

விலை ஏறுமா இறங்குமா என்று பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 2021 நவம்பரில் 69,000 டொலர் வரை போன பிட்கொயின், ஒரு வருடத்தில் 16,000 டொலருக்குக் கீழே விழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டொலரைத் தாண்டியது. விற்காமல் பொறுத்தவர்களுக்கு விழுந்தது திரும்பி வந்தது. கொயினுக்குச் சாவியான மீட்புச் சொற்களைத் தொலைத்தவருக்கும், போலி வங்கி ஸ்லிப்பை நம்பிக் கொயினை விட்டவருக்கும் எந்த ஏற்றமும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதனால் இங்கே விலையைப் பற்றிப் பேச்சில்லை. கொயின் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடங்களையும், அது கிடக்கும் இடத்தையும் பற்றித்தான் எழுதுகிறோம்.

ரூபாய் வரும் பக்கம்

பி2பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரே விற்கும் முறையில், விற்பவரின் கொயினை எக்ஸ்சேஞ்ச் (ஒன்லைன் கொயின் சந்தை) பூட்டி வைத்துக்கொள்ளும். வாங்குபவர் ரூபாயை வங்கிக்குப் போட்டுவிட்டு "கட்டிவிட்டேன்" என்று அழுத்துவார். விற்பவர் தன் கணக்கைப் பார்த்து உறுதிசெய்த பிறகு கொயினை விடுவிப்பார். விடுவித்தபின் அதை எவராலும் திரும்ப இழுக்க முடியாது. ஆபத்து முழுவதும் அந்த ஒரு அழுத்தலில்தான் இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சின் சட்டில் (chat) வரும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அண்ண, ஸ்லிப் போட்டுட்டன். அவசரமா இருக்கு, கெதியா விடுங்கோ." ஸ்லிப் என்பது ஒரு படம் மட்டுமே. போனிலேயே ஐந்து நிமிடத்தில் தொகையையும் திகதியையும் மாற்றலாம். வங்கியின் பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸும் சான்றல்ல. அனுப்புநர் பெயரைப் போலியாகக் காட்ட முடியும், அது உங்கள் வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே வந்து நிற்கும். வங்கி அப்பை நீங்களே திறந்து, மீதியைப் பார்க்காமல் பரிவர்த்தனைப் பட்டியலுக்குள் போய், தொகை, நேரம், அனுப்பியவர் பெயர் மூன்றையும் பாருங்கள். நெட் இழுக்கவில்லை, அப் திறக்கவில்லை என்றால் விடுவிக்காதீர்கள். "15 நிமிடம் முடியப் போகுது" என்று அவர் நெருக்கினாலும் பரவாயில்லை. அவர் "கட்டிவிட்டேன்" என்று அழுத்தியபின் நேரம் முடிந்தாலும் கொயின் தானாக அவரிடம் போகாது. அப்போது முறைப்பாட்டுப் பொத்தான் வேலை செய்யும்.

இன்னொரு சிக்கல் நம் நாட்டு வங்கி முறையிலேயே இருக்கிறது. செஃப்ட்ஸ் (CEFTS) முறையில் அனுப்பிய காசு நொடிகளில் வந்துவிடும், ஞாயிறு இரவிலும் வரும். ஸ்லிப்ஸ் (SLIPS) என்ற இன்னொரு வங்கி முறையில் அனுப்பியது தொகுதியாகப் போகும், வங்கி நாட்களில்தான் தீரும். வெள்ளி மாலை ஸ்லிப்ஸில் போட்டுவிட்டு உண்மையான பற்றுச்சீட்டையே காட்டுவார்கள். காசு திங்கள்தான் வரும். பின்திகதியிட்ட மாற்றம் என்றால் இடையில் இரத்தும் செய்யலாம். விளம்பரத்திலேயே "செஃப்ட்ஸ் மட்டும், சொந்தப் பெயரில் மட்டும்" என்று எழுதிவிடுங்கள்.

சொந்தப் பெயர் என்ற நிபந்தனையில் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். காரணம் முக்கோண மோசடி. மோசடிக்காரர் வேறோர் ஊரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளையோ ஐபோனையோ விற்பதாக ஒன்லைனில் பேசுகிறார். விலை 150,000 ரூபாய். அதே நேரத்தில் உங்களிடம் 150,000 ரூபாய்க்கு டெதர் ஓர்டர் போடுகிறார். உங்கள் கணக்கு இலக்கத்தை அந்த அப்பாவிக்குக் கொடுக்கிறார். அவர் காசு போடுகிறார். உங்கள் கணக்கில் உண்மையாகவே 150,000 விழுகிறது, நீங்கள் கொயினை விடுகிறீர்கள். மோட்டார் சைக்கிள் வராத மனிதர் பொலிசுக்குப் போகிறார். அவர் கையில் இருக்கும் ஒரே பெயரும் கணக்கு இலக்கமும் உங்களுடையவை. கணக்கு முடங்குகிறது, வாக்குமூலம் கொடுக்கப் போக வேண்டியது நீங்கள்.

எக்ஸ்சேஞ்சில் அடையாள அட்டை கொடுத்துச் சரிபார்க்கப்பட்ட பெயரும், வங்கியில் காசு அனுப்பியவர் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் இந்த முக்கோணம் உடைந்துவிடும். "அக்காவின் கணக்கிலிருந்து போட்டேன்", "கடை முதலாளியின் கணக்கு" என்பவற்றுக்கு ஒரே பதில்: ஓர்டரை நிறுத்தி முறைப்பாடு செய்வது. வந்த காசை அதே கணக்குக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். "இந்த வேறு இலக்கத்துக்குப் போடுங்கோ" என்று அவர் சொன்னால் அதுவே மோசடிக்கு அடையாளம். பணம் வைப்புச் செய்யும் இயந்திரத்தில் போட்ட காசையும் ஏற்காதீர்கள். போட்டவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு ஓர்டருக்கும் ஐந்து விடயங்களைச் சேமித்து வையுங்கள்: ஓர்டர் இலக்கம், சட் உரையாடலின் படம், மற்றவரின் சரிபார்க்கப்பட்ட பெயர், வங்கிப் பரிவர்த்தனை இலக்கம், கொயின் வெளியே போயிருந்தால் அதன் பரிவர்த்தனை ஹாஷ் (அந்த அனுப்புதலின் அடையாளக் குறி). மாத வாரியாக ஒரு கோப்புறை போதும். வங்கி முகாமையாளரோ பொலிசோ கேட்கும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கோப்புறைதான்.

கையோடு கை மாற்றுவதென்றால் வங்கிக் கிளைக்குள்ளேயே சந்தியுங்கள். வாங்குபவர் நோட்டைக் காசாளரிடம் உங்கள் கணக்குக்குக் கொடுக்கட்டும். 5,000 ரூபாய் நோட்டுகள் எண்ணப்பட்டு, போலியா என்று பார்க்கப்பட்டு, சீட்டில் முத்திரை விழுந்தபின் அனுப்புங்கள். கடற்கரையில், வீதியோரத்தில், ஓட்டோவுக்குள் வேண்டாம்.

இதைக் கவலையோடு சொல்கிறோம்: பாடசாலை முடித்த பிள்ளைகளிடம் "உன்ர கணக்கை ஒரு மாதம் தா, வரும் காசில் கொமிஷன் தாறன்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அட்டையும் இரகசிய இலக்கமும் வாங்கிக்கொண்டு போவார்கள். முக்கோண மோசடியின் காசு அந்தக் கணக்குகள் ஊடாகத்தான் ஓடும். கொமிஷன் 10,000 ரூபாய் என்றாலும் வழக்கில் வரும் பெயர் பிள்ளையினுடையது. வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

சொற்கள், பென்சில், எவர்சில்வர்

ரூபாய் பக்கம் முடிந்து கொயின் உங்களிடம் வந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் கொயினுக்குச் சாவி எக்ஸ்சேஞ்சிடம். 2014 பெப்ரவரியில் மவுண்ட் கொக்ஸ், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் ஆகிய எக்ஸ்சேஞ்சுகள் மூடியபோது உள்ளே வைத்திருந்தவர்கள் காசு வரவேண்டியவர்களாக வருடக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். விற்று வாங்கத் தேவையான அளவை மட்டும் அங்கே விட்டுவிட்டு மற்றதைச் சொந்த வொலட்டுக்கு (சாவியை உங்களிடமே வைக்கும் அப் அல்லது கருவிக்கு) எடுப்பது வழக்கம். அப்படி எடுத்தபின் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்.

வொலட் தரும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள்தான் காசு. போனும் கருவியும் வெறும் கண்ணாடி. இந்தச் சொற்கள் பிஐபி39 என்ற முறைப்படி 2,048 சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பும் இருக்கிறது. அதனால் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் வொலட் பெரும்பாலும் "செல்லாது" என்று சொல்லிவிடும். 12 சொல்லில் 16 பிழைக்கு ஒன்று அந்தச் சரிபார்ப்பையும் தாண்டிப் போகலாம், 24 சொல்லில் 256க்கு ஒன்று.

எழுதும்போது படம் எடுக்க வேண்டாம். படம் எடுத்தால் அது கூகுள் போட்டோஸுக்கு ஏறிவிடும், நீங்கள் அழித்தாலும் குப்பைத் தொட்டியில் கிடக்கும். வட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்புவதும் அப்படித்தான். கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் லமினேட் செய்வதோ போட்டோக்கொப்பி எடுப்பதோ கூடவே கூடாது. பல கொப்பி இயந்திரங்களில் நினைவகம் இருக்கிறது, கடைக்காரர் நல்லவராக இருந்தாலும். பில் அடிக்கும் கடதாசியில் எழுதினால் சில மாதங்களில் வெளிறும். ஜெல் பேனா தண்ணீர் பட்டால் ஓடும். பென்சில் ஓடாது. கடதாசி என்றால் பென்சிலே நல்லது.

ஆனால் எங்கள் ஊருக்குக் கடதாசி போதாது. 2004 டிசம்பர் 26 அன்று காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அலுமாரியோடு கடலுக்குப் போனதை இந்தக் கரை கண்டது. ஆழிப்பேரலை வராத வருடங்களில் வெள்ளம், கறையான், உப்புக்காற்று. உறுதிக்குப் பிரதி எடுக்கக் காணிப் பதிவகம் இருக்கிறது. 12 சொல்லுக்குப் பதிவகம் கிடையாது.

அதனால் உலோகத்தில் குத்தி வைக்கிறோம். எந்த உலோகம் என்பது முக்கியம். சாதாரண இரும்பு, நாகம் பூசிய தகடு, அலுமினியம் மூன்றையும் கடற்காற்று அரிக்கும். 304 தர எவர்சில்வரிலும் சில வருடங்களில் கபில நிறப் புள்ளிகள் விழும். 316 தரத்தில் மொலிப்டினம் 2 முதல் 3 வீதம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும்; படகுப் பொருத்துகளுக்கு அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். லேத் பட்டறையில் மிஞ்சிய துண்டு கிடைக்கும். 85க்கு 54 மில்லிமீற்றர், அடையாள அட்டை அளவு, 1.5 முதல் 2 மில்லிமீற்றர் தடிப்பு கேளுங்கள். அதைவிட மெல்லியது அடிக்கும்போது வளையும். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். தகட்டை வெட்டித் தருவதோடு பட்டறையின் வேலை முடிந்தது. எழுத்தை வீட்டில் நீங்களே குத்த வேண்டும்.

3 அல்லது 4 மில்லிமீற்றர் எழுத்துப் பஞ்ச் பெட்டி வாங்குங்கள். இலக்கப் பெட்டியில் 9 பஞ்ச்தான் இருக்கும், 6ஐத் திருப்பினால் 9. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து போதும். 2,048 சொல்லில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராதபடிதான் பட்டியல் செய்யப்பட்டிருக்கிறது. மூன்றெழுத்துச் சொல் வந்தால் நான்காம் இடத்தில் ஒரு புள்ளி குத்துங்கள், வெறுமையாக விட்டால் பின்னாளில் தேய்ந்துபோன எழுத்தோ என்று சந்தேகம் வரும். இரண்டு நிரை, ஒவ்வொன்றிலும் ஆறு வரி என்று கோடு கீறிக்கொண்டால் 12 சொல்லும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரிசை இலக்கம் கட்டாயம். வரிசை மாறினால் வொலட் மாறிவிடும். தகட்டைத் தடித்த இரும்புக் கட்டையில் ஒட்டுப்பட்டியால் ஒட்டி, அரைக் கிலோ சுத்தியலால் ஒரே அடி. இரண்டாம் அடி அடித்தால் எழுத்து இரட்டிப்பாகி ஆங்கில ஓவும் கியூவும் ஒன்றுபோல் தெரியும். முதலில் பழைய தகட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

குத்தி ஒரு மாதத்தில் எழுத்துக் குழிக்குள் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பஞ்சிலிருந்து ஒட்டிய இரும்புத் துகள். எலுமிச்சம்புளியில் ஊறவைத்துத் துலக்கி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போய்விடும்.

இரண்டு தகடு, இரண்டு இடம். இரண்டும் உப்புவெளிக் கரையில் இருந்தால் அது ஒரு இடம்தான். ஒன்றைத் தம்பலகாமத்திலோ வவுனியாவிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டில், முத்திரையிட்ட உறைக்குள் வையுங்கள். ஆறு சொல் இங்கே, ஆறு சொல் அங்கே என்று பிரிப்பது கெட்டித்தனமாகத் தெரியும், உண்மையில் இரு பக்கமும் நட்டம். ஒரு பாதி தொலைந்தால் எல்லாம் போச்சு. ஒரு பாதி திருடுபோனால் மீதிப் பாதுகாப்பு 128 பிட்டிலிருந்து 62 பிட்டுக்கு இறங்கிவிடும். கூடுதல் காவல் வேண்டுமென்றால் 25ஆம் சொல் எனப்படும் கடவுச்சொற்றொடரைச் சேர்க்கலாம். அதில் ஒரு பொறி உண்டு: பிழையான கடவுச்சொற்றொடருக்கு வொலட் "பிழை" என்று சொல்லாது. காலியான வேறொரு வொலட்டைத் திறந்து காட்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் கணக்கு. அதையும் எழுதித் தனியிடத்தில் வைக்காமல் மனதில் மட்டும் வைப்பவர்களை நாங்கள் தடுக்கவே பார்க்கிறோம்.

காசு போடுமுன் ஒத்திகை. வொலட்டை உருவாக்குங்கள், சொற்களைக் குத்துங்கள், முதல் பெறும் முகவரியைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வொலட்டை முழுதாக அழித்து, தகட்டைப் பார்த்து மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் சிறு தொகை அனுப்பி, திரும்ப வெளியே எடுத்துப் பாருங்கள். வேறு அப்பில் மீட்டபோது காலியாகத் தெரிந்தால் பதறாதீர்கள். ஒவ்வொரு அப்பும் கணக்கை வேறு பாதையில் தேடும், பழைய அப்பிலேயே மீட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

கருவி வொலட் வாங்குவதானால் உற்பத்தியாளரிடமே நேரடியாக. பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வந்தால் அது திருடரின் வொலட், உடனே தள்ளிவையுங்கள். லெட்ஜர் என்ற கருவியில் மூன்று தடவை இரகசிய இலக்கம் பிழைத்தால் கருவி தன்னை அழித்துக்கொள்ளும், ட்ரெசர் என்ற கருவியில் 16 தடவை. சொற்கள் கையில் இருந்தால் அழிந்தது பொருட்டில்லை. 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர்களின் பெயரும் வீட்டு முகவரியும் வெளியே கசிந்தன. அதன்பின் அவர்களுக்குத் தபாலில் போலிக் கடிதமும் போலிக் கருவியும் போயின. சொற்களைத் தட்டச்சுச் செய்யச் சொல்லும் கடிதம், மின்னஞ்சல், அழைப்பு எதுவானாலும் பொய்.

போன்

திரை உடைந்து போனைத் திருத்தக் கொடுக்கும்போது கடையில் லொக் இலக்கம் கேட்பார்கள், தொடுதிரை சரியா என்று பார்க்கத் தேவை என்பார்கள். வொலட் அப் உள்ளே இருந்தால் கொடுக்க வேண்டாம். முதலில் வேறு போனில் வொலட்டை மீட்டு, பழைய போனைத் தொழிற்சாலை நிலைக்கு அழித்துவிட்டுக் கொடுங்கள். திரை வேலை செய்யாமல் அழிக்க முடியாவிட்டால், வேறு போனில் புதிய சொற்களோடு புதிய வொலட் திறந்து கொயினை அங்கே மாற்றியபின் கொடுங்கள்.

கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இங்கத்தைய சிம்மை ரீலோட் செய்யாமல் விட்டால் இலக்கம் முடங்கும், பிறகு வேறொருவருக்குப் போகும். உங்கள் எக்ஸ்சேஞ்சும் மின்னஞ்சலும் அந்த இலக்கத்துக்கு இரகசியக் குறி அனுப்பிக்கொண்டிருக்கும். விமானம் ஏறுமுன் எஸ்எம்எஸ் முறையை எடுத்துவிட்டு போனிலேயே குறியை உருவாக்கும் ஒதென்டிகேட்டர் அப்புக்கு மாறுங்கள். அதை நிறுவும்போது காட்டும் நீண்ட சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். போன் தொலைந்தால் அந்தச் சாவிதான் மீட்கும். ஆறு இலக்கக் குறி சரியாக இருந்தும் ஏற்கவில்லையென்றால் போனின் நேரம் ஓடியிருக்கிறது. குறி 30 நொடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது, தானியங்கி நேரத்தைப் போட்டால் சரியாகும்.

எல்லாவற்றுக்கும் முதல் மின்னஞ்சல். அதைக் கைப்பற்றியவன் மற்ற எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மாற்றுவான்.

அனுப்பும்போது

டெதர் ஒன்று, அது ஓடும் பாதை (நெட்வேர்க்) பல. ட்ரொன் பாதையில் முகவரி ஆங்கில டியில் தொடங்கும். எதீரியமும் பிஎன்பி சங்கிலியும் இரண்டுமே சைபர்-எக்ஸில் தொடங்கும், முகவரியும் ஒன்றுபோலவே இருக்கும். குழப்பம் இங்கேதான். பாதை மாறி உங்கள் சொந்த வொலட்டுக்குப் போயிருந்தால் அதே சாவி இரண்டையும் திறக்கும், வொலட்டில் மற்றப் பாதையைச் சேர்த்தால் காசு தெரியும். எக்ஸ்சேஞ்ச் முகவரிக்குப் போயிருந்தால் அவர்கள் மனம் வைக்க வேண்டும், கட்டணமும் கேட்பார்கள். எக்ஸ்ஆர்பி, டொன் போன்ற கொயின்களை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு காசு யாருடையது என்று காட்டும் மெமோ அல்லது டக் இலக்கமும் போட வேண்டும்.

ட்ரொனில் டெதர் அனுப்பக் கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் (அந்தப் பாதையின் சொந்தக் கொயின்) கொஞ்சம் கையில் வேண்டும். பெறுபவரிடம் ஏற்கெனவே டெதர் இருந்தால் சுமார் 65,000 எனர்ஜி (ட்ரொன் கட்டணத்தைக் கணக்கிடும் அலகு) செலவாகும், அது வெறும் முகவரியென்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. "போன முறை இவ்வளவு வெட்டவில்லையே" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

முகவரியைப் பழைய வரலாற்றிலிருந்து கொப்பி செய்யாதீர்கள். நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் பொருந்தும் போலி முகவரியைச் செய்து, அதிலிருந்து சைபர் தொகை அனுப்பி உங்கள் வரலாற்றில் குந்தவைப்பார்கள். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி 1,155 சுற்றிய பிட்கொயினை (எதீரியத்தில் ஓடும் பிட்கொயின் பிரதி) தவறான முகவரிக்கு அனுப்பினார், அன்றைய மதிப்பு 68 மில்லியன் டொலர் அளவில். பெரும்பகுதி பின்னர் திரும்பியது அபூர்வம். நடு எழுத்துகளையும் பாருங்கள். முகவரிப் புத்தகத்தில் சேமித்து அதிலிருந்து மட்டும் அனுப்புங்கள். புதிய முகவரிக்கு எப்போதும் 5 டொலர் முன்னோட்டம்.

2025 பெப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 1.5 பில்லியன் டொலர் எதீரியம் போனது. கையொப்பமிட்டவர்களின் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது, கையொப்பம் விழுந்தது வேறொன்றுக்கு. கொம்பியூட்டர் திரையை நம்பாமல் கருவியின் சின்னத் திரையில் முகவரியை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்வது இதனால்தான்.

கையொப்பம் என்றதும் இன்னொன்று. டிஃபை தளங்களில் (இடைத்தரகர் இல்லாமல் கொயின் மாற்றும், கடன் கொடுக்கும் தளங்கள்) "அப்ரூவ்" என்று அழுத்தும்போது பல தளங்கள் அளவில்லா அனுமதி கேட்கும். அந்தத் தளம் ஆறு மாதம் கழித்து உடைந்தாலும் உங்கள் டோக்கன் போகும். அனுமதித் தொகையைத் தேவையான அளவுக்கு நீங்களே மாற்றி எழுதுங்கள், ரிவோக் கேஷ் போன்ற தளத்தில் பழைய அனுமதிகளை எடுங்கள். வொலட்டை இணையத்திலிருந்து துண்டிப்பதால் அனுமதி நீங்காது. நீக்க ஒரு பரிவர்த்தனையும் சிறு கட்டணமும் வேண்டும். கேட்காமல் வந்து விழுந்த டோக்கனின் பெயரில் ஒரு இணைய முகவரி இருந்தால் தொடவே வேண்டாம்.

டெலிகிராமில் ஒருவர் ஏதும் அறியாதவர்போல் தன் 12 சொற்களைப் போட்டு, "உள்ளே 2,000 டெதர் இருக்குது, எடுக்கத் தெரியேல்லை, உதவி செய்யுங்கோ" என்று கேட்பார். திறந்தால் உண்மையிலேயே டெதர் இருக்கும், கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் இருக்காது. நீங்கள் டிஆர்எக்ஸ் போட்டதும் அது மறையும். அந்தக் கணக்கின் உரிமை ஏற்கெனவே வேறு முகவரிக்கு மாற்றப்பட்டிருக்கும், சொற்கள் இருந்தும் எடுக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் டிஆர்எக்ஸ்தான்.

"நாளொன்றுக்கு 2 வீதம்" என்ற வட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு கணக்கு: 2 வீதம் நாளாந்தம் கூட்டுவட்டியாக ஏறினால் 365 நாளில் 1,377 மடங்கு. ஒரு லட்சம் ரூபாய் 13 கோடி 77 லட்சமாகும். அப்படி ஒரு வழி தெரிந்தவருக்கு உங்கள் ஒரு லட்சம் தேவைப்படாது. முதல் வாரம் 5,000 ரூபாய் எடுக்க விடுவார்கள், அதைக் காட்டி மச்சானையும் மாமியையும் சேர்க்க வைப்பார்கள். பெரிய தொகையை எடுக்கப் போகும்போது "வரி கட்டினால்தான்" என்பார்கள். ஆள் சேர்த்தால் காசு வரும் அமைப்பை நடத்துவதும் ஊக்குவிப்பதும் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். ஊர்ச் சீட்டில் பிடிப்பவரின் வீடு தெரியும். இங்கே தெரிவது ஒரு படம் மட்டும்.

லெவரேஜ், அதாவது கடன் வாங்கிப் போட்ட காசின் பல மடங்குக்கு வாங்கி விற்பது பற்றிச் சுருக்கமாக. 20 மடங்கில் விலை 5 வீதம் எதிராகப் போகுமுன்னரே போட்ட முதல் முழுதும் போய்விடும், பராமரிப்பு மார்ஜின் (கணக்கில் மிஞ்சியிருக்க வேண்டிய குறைந்த தொகை) இடையில் இருப்பதால். விலை அசையாமல் நின்றாலும் செலவு உண்டு: எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 0.01 வீத ஃபண்டிங் (இதைத் திறந்து வைத்திருப்பதற்கான கட்டணம்) என்றால் 20 மடங்கில் அது போட்ட முதலில் நாளுக்கு 0.6 வீதம், மாதத்துக்கு 18 வீதம். நகை அடகு வைத்த காசோடு இதற்குள் போவதை எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டோம்.

பிழை நடந்துவிட்டால்

சொற்கள் கசிந்ததென்று சந்தேகம் வந்த நிமிடமே வேறு கருவியில் புதிய சொற்களோடு புதிய வொலட் திறந்து, மதிப்புக் கூடியதை முதலில் மாற்றுங்கள். பழைய வொலட்டில் கட்டணக் கொயின் போட்டதும் உடனே காணாமல் போகிறதென்றால் உள்ளே தானியங்கி உறிஞ்சி இருக்கிறது, மேலும் போடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கென்றால் கணக்கை முடக்கும் பொத்தானை அழுத்தி, மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பரிவர்த்தனை ஹாஷ், நேரம், போன முகவரி மூன்றையும் குறித்துக்கொண்டு பொலிசிலும், 101 என்ற இலக்கத்தில் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் அமைப்பிடமும் முறையிடுங்கள். திருட்டுக் காசு ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருந்தால் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தோடு அந்த எக்ஸ்சேஞ்சுக்கும் எழுதுங்கள், முடக்க வாய்ப்பிருக்கிறது. "போன கொயினை ஹக் பண்ணி எடுத்துத் தாறன், முதலில் 200 டொலர் அனுப்புங்கோ" என்று வருபவர் அதே கூட்டம் அல்லது அடுத்த கூட்டம்.

வீட்டாருக்கு

துணைவிக்கோ துணைவருக்கோ, இல்லையென்றால் அக்காவுக்கோ ஒரு பக்கக் கடிதம் எழுதி வையுங்கள். சொற்கள் அதில் வேண்டாம். எந்த வொலட் அப், எந்த எக்ஸ்சேஞ்ச், தகடுகள் எந்த இரண்டு வீட்டில், கடவுச்சொற்றொடர் இருக்கிறதா, அது எங்கே, யாரிடம் உதவி கேட்கலாம், யார் வந்தாலும் சொற்களைக் காட்டக் கூடாது என்பவை போதும். ஒத்திகையில் குறித்த முதல் பெறும் முகவரியையும் சேர்த்துவிட்டால், மீட்பவர் சரியான வொலட்டைத் திறந்தாரா என்று அதை வைத்தே பார்த்துக்கொள்வார். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மாசி பிறந்ததும் அந்தக் கடிதத்தைத் திருத்தி, இரண்டு தகட்டையும் எடுத்துக் கழுவித் துடைத்து, 12 வரியையும் வெயிலில் பிடித்து வாசித்துவிட்டு உள்ளே வையுங்கள்.